ஆளோடு ஓடி வந்த டிப்லாரி

என் கேட்டு அறையில் இருந்த டெலிபோனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மணி அடிப்பதற்கு முன்னால், தொண்டையைச் செருமுவதுபோல் 'கிர்' என்று ஒரு சின்னச் சத்தம் போடும். அதைக் கேட்டதுமே கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். அன்றைக்கு அந்தச் செருமலும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே அலறியது.

காலை பத்து பத்தரை இருக்கும். ஆடி கழிந்துகொண்டிருந்த நாட்கள். மேற்கேயிருந்து கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரிசீவரை எடுத்தேன்.

கிழக்கே உள்ள ஸ்டேஷனிலிருந்து மாஸ்டர் பேசினார். எப்போதும் "பாக்கியம், சாப்பிட்டியா?" என்று ஆரம்பிக்கிறவர். அன்றைக்கு என் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

"கேட்டைச் சாத்து. உடனே சாத்து. டிப்லாரி ஒண்ணு பிரேக் போயி ஓடி வருது. மேல தண்டவாளம் ஏத்தியிருக்கு."

"எங்க இருந்து சார்?"

"வேலை நடக்கிற இடத்தில இருந்து. உன் கேட்டைத் தாண்டினா நேரா இங்கதான். மெயின் லைன்ல பாசஞ்சர் நிக்குது. பக்கத்து லைன்ல மெட்டீரியல் டிரெயின். திருப்பி விட எனக்கு லைன் இல்ல."

"நான் என்ன சார் செய்யட்டும்?"

 மாஸ்டர் சொன்னார்:

"என்ன வேணும்னாலும் செய். அதை இங்க வர விடாத."

லாரியில் ஆள் இருக்கிறதா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இத்தனை வருஷங்களில் பலமுறை நினைத்து நினைத்துக் குமைந்தது அந்த ஒன்றைத்தான்.

தண்டவாளம் மாற்ற வந்தவர்கள்

அப்பா இறந்த பிறகு அவருடைய வேலை எனக்கு வந்த கதையைப் போன வாரம் சொல்லியிருந்தேன். நாசரேத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், இருபத்துநாலு வயதில் தூத்துக்குடிக்கு மேற்கே ஒரு லெவல் கிராசிங்கில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக உட்கார்ந்தேன். "பொம்பளைக்கு எதுக்குக் கேட்டு வேலை?" என்று கேட்காத ஆள் கிடையாது. என் கேட்டில் ஒரு தப்பு நடந்தால் போதும், அத்தனை பேரும் சொன்னது சரியாகிவிடும். அந்தப் பயம் எப்போதும் கூடவே இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ, எங்கள் பக்கத்துத் தடத்தைப் புதுப்பிக்க ஆரம்பித்தார்கள். உப்புக் காற்றில் தண்டவாளம் சீக்கிரம் அரித்துப்போகும். தண்டவாளத்தைத் தாங்கும் மரக்கட்டைகள் வெயிலில் வெடித்திருந்தன. துறைமுகம் பெரிதாகிக்கொண்டிருந்த காலம். சரக்கு வண்டிகள் கூடிக்கொண்டே போயின. பழையதைப் பிடுங்கிப் புதியதைப் போட்டே ஆகவேண்டும்.

அதற்காக ஒரு தனி ரயிலே வந்து சேர்ந்தது. மெட்டீரியல் டிரெயின் என்பார்கள். பக்கச்சுவர் இல்லாத நீளத் தட்டு வேகன்களில் தண்டவாளங்கள் படுத்திருக்கும். வேறு சில வேகன்கள் ஜல்லிக்கென்றே செய்தவை. அடிவயிற்றில் கதவு இருக்கும். திறந்தால் வண்டி நகர நகர ஜல்லி தடத்தில் கொட்டிக்கொண்டே போகும். கடைசியில் ஆட்கள் தங்கும் பெட்டிகள். ஜன்னல் கம்பியில் சேலையும் வேட்டியும் காயும், உள்ளேயிருந்து கருவாட்டுக் குழம்பு மணக்கும்.

இவை எல்லாவற்றிலும் சின்னது டிப்லாரி. பெயர்தான் லாரி. எஞ்சின் கிடையாது. நாலு இரும்புச் சக்கரத்தின் மேல் கட்டில் உயரத்துக்கு ஒரு பலகைத் தட்டு. அதில் தண்டவாளத்தையோ கட்டைகளையோ ஏற்றி, நாலைந்து பேர் தடத்தின் மேலேயே தள்ளிக்கொண்டு போவார்கள். நிறுத்துவதற்கு ஓரமாக ஒரு நீள இரும்புப் பிடி. அதை அழுத்தினால் கட்டை சக்கரத்தை உரசிப் பிடிக்கும். அந்தப் பிடி இருக்கும் வரைக்கும் அது சாதுவான வண்டி.

ஒரு தரம் ஜல்லி வேகன் என் கேட்டுப் பக்கம் அளவுக்கு மீறிக் கொட்டிவிட்டது. ஜல்லியும் தூசியுமாகத் தண்டவாளமே மறைந்துபோயிற்று. தடத்தைப் பார்வையிடப் பின்னால் தள்ளு டிராலியில் வந்த இன்ஸ்பெக்டர் அதில் சிக்கி, முன்னால் விழப்போய், எல்லாரையும் வைதார். நாலு பேர் தள்ளியும் டிராலி அசையவில்லை. நான் அறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

டிப்லாரி ஓடி வந்த அன்று எனக்குக் கைகொடுத்தது அந்தச் சிரிப்புத்தான்.

ஐந்து உப்பு வண்டிகள்

கேட்டைச் சாத்திப் பூட்டினேன்.  

தெற்கே உப்பளத்திலிருந்து வந்த ஐந்து மாட்டு வண்டிகள் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டன. முதல் வண்டியில் சுடலைமுத்து அண்ணாச்சி. ஐம்பதைத் தாண்டியவர். அந்த வண்டிக்காரர்களுக்கெல்லாம் அவர் சொன்னதுதான் சட்டம்.

"என்னளா, இந்நேரத்துல ஏது ரயிலு? வேலை நடக்குன்னுல்லா சொன்னாவ?"

ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. பாசஞ்சர் நிற்கிறது என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. மாதா கோயில் திருவிழா முடிந்து ஊர் திரும்புகிற கூட்டம் அந்த வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் என்பது அவருக்கும் தெரியும்.

"இப்ப என்ன செய்யணும்?"

தடத்தின் ஓரத்தில், பிடுங்கிப்போட்ட பழைய மரக்கட்டைகள் கிடந்தன. அதைக் காட்டினேன்.

"குறுக்க போடுவோம் அண்ணாச்சி. அதுல மோதிக் கவுந்திரட்டும்."

அவர் தம் ஆட்களைக் கூப்பிட்டார். மூன்று பேர் தூக்கிவந்து, கேட்டுக்கு மேற்கே இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்காகக் கட்டையைப் போட்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. கடமை முடிந்துவிட்டது போலக்கூட இருந்தது.

அப்போதுதான் மேற்கே பார்த்தேன்.

எங்கள் பக்கம் சமதரை மாதிரிதான் தெரியும். ஆனால் தடம் கடலை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டே வருகிறது. அதோடு முதுகில் கச்சான் காற்று. இரண்டும் சேர்ந்து அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தன. முதலில் கானலுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. அது மிதப்பது போலத் தெரிந்தது. புள்ளியின் மேல் சிவப்பாக ஏதோ துடித்தது.

தீயோ என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அது கொடி. கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நின்றான்.

எடுக்கச் சொன்னேன்

"அண்ணாச்சி, ஆள் இருக்கு! கட்டைய எடுங்க!"

"ஏளா, கிறுக்கா உனக்கு? இப்பத்தான போட்டோம்?"

"மேல ஆள் நிக்கான் பாருங்க!"

சுடலைமுத்து அண்ணாச்சி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். அந்த வேகத்தில் கட்டையில் மோதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே இருக்கும் தண்டவாளங்கள் முன்னால் பாயும். அவன் அவற்றுக்கு நடுவே போவான்.

"எடுத்துட்டு? ரயில்ல இருக்கவிய கதி?"

 ஒரு பக்கம் முகம் தெரியாத ஒருவன். மறு பக்கம் பெட்டி பெட்டியாக மனிதர்கள். கணக்குத் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் கட்டையை அப்படியே விட்டிருப்பார்கள். எனக்கு அந்தக் கொடி மட்டும்தான் தெரிந்தது. நான் கட்டையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். நகம் பிய்ந்தது. பிறகு இன்னொரு ஜோடிக் கை வந்தது. அண்ணாச்சியுடையது. கட்டை ஓரத்தில் போய் விழுந்தது.

அதைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தால், எதிரே வண்டிகளில் உப்பு மூட்டைகள். ஒரு மூட்டை ஓட்டையாகி, உப்பு வண்டியின் சக்கரத்தடியில் வெள்ளையாகக் குவிந்திருந்தது. ஜல்லிக்குள் சிக்கிக்கொண்டு திமிறிய டிராலி அந்த நொடியில் ஏன் ஞாபகம் வந்தது என்று தெரியாது.

"உப்பக் கொட்டுங்க! தண்டவாளத்து மேல! மூடணும், நெடுகக் கொட்டணும்!"

அண்ணாச்சி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, "ஏலே, கேட்டியளா? கிழிச்சுக் கொட்டுங்கலே!" என்று கத்தினார்.

ஐந்து வண்டிக்காரர்கள், நான் ஆறாவது. ஓடினோம். மூட்டையைத் தடத்தின் மேல் சாய்ப்பது, அரிவாளால் வயிற்றைக் கிழிப்பது, உதறுவது, திரும்ப ஓடுவது. ஒரு தண்டவாளம் மூடியது, மற்றது பாதி மூடியது. காற்று உப்பை அள்ளிக் கண்ணில் போட்டது. பிய்ந்த நகத்தில் உப்பு ஏறி உயிர் போயிற்று. கேட்டை ஒட்டி, கிழிக்காத மூட்டைகளை அப்படியே இரண்டு பக்கமும் அடுக்கச் சொன்னார் அண்ணாச்சி. அது அவருடைய யோசனை.

தண்டவாளம் பாட ஆரம்பித்துவிட்டது. தூரத்து வண்டியின் அதிர்வு இரும்பில் மெல்லிய ரீங்காரமாக வரும். அது உரக்க உரக்க, நான் ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"வெலகுளா!" என்று யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

லாரி உப்பில் ஏறியது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. பெரிய திருகையில் கல்லைப் போட்டு அரைப்பது மாதிரி என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பீறிட்டது. வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. குறைந்தது, இன்னும் குறைந்தது. சைக்கிள் வேகத்துக்கு வந்தபோது அந்த ஆள் கொடியோடு பக்கவாட்டில் குதித்தான். ஜல்லியில் உருண்டான். லாரி முழு மூட்டைகளில் இடித்து, ஒரு பக்கச் சக்கரம் கீழே இறங்கி, கேட்டுக்கு நேராகச் சாய்ந்து நின்றது. மேலே இருந்த தண்டவாளங்கள் சங்கிலியை அறுத்துக்கொண்டு முன்னால் சரிந்து மண்ணில் குத்தின. அவன் நின்றிருந்த இடத்தின் வழியாகத்தான் அவை போயின.

எல்லாம் அடங்கிய பிறகு காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. மாடு ஒன்று கழுத்தை நீட்டி, கொட்டிக் கிடந்த உப்பை நக்கிக்கொண்டிருந்தது.

குதிக்காதவன்

அவன் பெயர் சவரிமுத்து. தருவைகுளத்துக்காரன். அதற்கு முன் நான் அவனைப் பார்த்ததில்லை. காலும் தோள்பட்டை எலும்பும் முறிந்திருந்தன. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "யாரு மேலயும் ஏறலையே?" என்பதுதான்.

பிரேக் பிடிக்கு அவன்தான் பொறுப்பு. அன்று அழுத்தியபோது பிடி அடியோடு கழன்று கையோடு வந்துவிட்டது. தள்ளிக்கொண்டிருந்தவர்கள் பிடித்து நிறுத்தப் பார்த்து, முடியாமல் கைவிட்டார்கள். அவனும் அப்போதே குதித்திருக்கலாம்.

"ஏன் குதிக்கல?" என்று பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

"வெறும் வண்டியா போனா யாருக்கும் தெரியாதுல்லா? தடத்துல ஆடு மேய்க்கவ நடந்து வாராவ, பிள்ளையளும் வாராவ. கொடியக் கண்டா வெலகுவாவ."

அதை அவன் ஒரு வீரம் போலச் சொல்லவில்லை. கொடி கையில் இருந்தது, காட்டினேன், அவ்வளவுதான் என்கிற மாதிரி.

கட்டிலருகே அவன் அம்மா உட்கார்ந்திருந்தாள். அந்தோணியம்மாள். கையில் ஜெபமாலை. அவளுடைய புருஷன் முத்துக் குளிப்பில் கடலுக்குள் இறங்குகிறவர். ஒரு சிலாபக் காலத்தில், அதாவது முத்துக் குளிக்கும் பருவத்தில், இறங்கியவர் ஏறி வரவில்லை. மகனைக் கடற்கரைப் பக்கமே விடமாட்டேன் என்று, யார் யார் காலிலோ விழுந்து ரயில்வேயில் சேர்த்துவிட்டாள். "தரையில ஒண்ணும் வராதுன்னுல்லா நெனைச்சேன்," என்று என்னிடம் சொன்னாள். என் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு அந்தக் கையை உருவிக்கொண்டு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

மூன்று வாரங்கள்

தடத்தின் மேல் எதையும் போடுவது குற்றம். கேட்டுக்காரி போட்டால் இன்னும் பெரிய குற்றம். விசாரணைக்கு மேலேயிருந்து ஒரு அதிகாரி வரப்போகிறார் என்று தகவல் வந்தது. அவர் வர மூன்று வாரம் ஆயிற்று.

அந்த மூன்று வாரமும் நான் சோறு தின்றேனா என்று நினைவில்லை. அம்மா நாசரேத்திலிருந்து வந்து கூட இருந்தாள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் என்னைப் பாராட்டினார்கள். நான் மாஸ்டரை நினைத்துக்கொண்டிருந்தேன். "என்ன வேணும்னாலும் செய்" என்றதற்கு என்ன சாட்சி இருக்கிறது? டெலிபோனில் சொன்னது. "கேட்டைச் சாத்தத்தான் சொன்னேன்" என்று அவர் சொல்லிவிட்டால், நானாகச் செய்த காரியம் ஆகிவிடும். அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. அப்படிச் சொன்னாலும் கோபப்பட முடியாது.

விசாரணை ஸ்டேஷனிலேயே நடந்தது. அதிகாரி அதட்டவில்லை, மெதுவாகவே பேசினார். அதுதான் அதிகப் பயமாக இருந்தது. மாஸ்டரிடம், "இந்தப் பெண்ணுக்கு என்ன உத்தரவு கொடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன வேணும்னாலும் செய்யச் சொன்னேன் சார். வர விடாதேன்னு சொன்னேன். எனக்கு வேற வழி தெரியல. அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்து என் பக்கம் திரும்பினார் அதிகாரி.

"தகவல் வந்ததும் என்ன செய்தாய்? வரிசையாகச் சொல்."

சொன்னேன். கேட்டைச் சாத்தினேன். மேற்கே பார்த்தேன். ஆள் இருப்பது தெரிந்தது. உப்பைக் கொட்டச் சொன்னேன்.

கட்டையைச் சொல்லவில்லை. போட்டதையும் சொல்லவில்லை, எடுத்ததையும் சொல்லவில்லை. போட்டதைச் சொன்னால் ஒருவனைக் கொல்லப் பார்த்தவள். எடுத்ததைச் சொன்னால் ஒரு ரயிலையே பணயம் வைத்தவள். அடுத்துச் சாட்சி சொன்னவர் சுடலைமுத்து அண்ணாச்சி. அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ள சொன்னபடிதான் ஐயா," என்றார்.

என்மேல் நடவடிக்கை எதுவும் வரவில்லை. பாராட்டி ஒரு கடிதம் வந்தது. அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டச் சொன்னாள். நான் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன்.

தருவைகுளத்துப் பந்தல்

இரண்டு வருஷம் கழிந்திருக்கும். சவரிமுத்துவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கொஞ்சம் சாய்ந்து நடப்பான், மற்றபடி குணமாகியிருந்தான். அந்தோணியம்மாள் பஸ் ஏறி என் கேட்டுக்கே வந்து அழைத்தாள். சாக்குச் சொல்ல முடியவில்லை.

பந்தலில் அவள் என்னை ஒவ்வொருவரிடமும் இழுத்துக்கொண்டு போனாள். "இவதான். எம் மவனுக்கு உசுரு குடுத்தவ இவதான்." பெண்கள் என் கன்னத்தைத் தடவி முத்தமிட்டார்கள். இலை போட்டார்கள். சோற்றைப் பிசைந்தேன். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. எழுந்து பந்தலுக்கு வெளியே, வலை காயப்போட்டிருந்த பக்கம் போய் நின்றேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"என்னளா? மீன் கொழம்பு பிடிக்கலையா?"

சொல்லிவிட்டேன். டெலிபோன் வந்தது, ஆள் இருக்கா என்று கேட்காதது, கட்டையைக் குறுக்கே போடச் சொன்னது, அதைப் போட்டதும் நெஞ்சு ஆறுதலாக இருந்தது. அதையும் சொன்னேன். பிறகு எடுத்ததையும்.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 

"அந்த ரயில்ல நெறைய சனமா?"

"நெறையம்மா. திருவிழாக் கூட்டம்."

"பிள்ளைகளும் இருந்துச்சோ?"

"இருந்துச்சு."

"உப்பு நிறுத்தலன்னா?"

"தெரியாதும்மா. அத இன்னிக்கும் நெனைக்கப் பயமா இருக்கு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நானா இருந்தாலும் கட்டையத்தான் போட்டிருப்பேன். மேல நிக்கது எம் மவன்னு தெரிஞ்சா எடுத்திருப்பேன். வேற எவனாவதுன்னா..." என்று நிறுத்தினாள். "எடுத்திருப்பேனான்னு எனக்குத் தெரியாது. நீ யாருன்னே தெரியாம எடுத்திருக்க."

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டு, பக்கத்தில் நின்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துப் பந்தலுக்குள் அழைத்துப்போய், பழைய இலையை எடுக்கச் சொல்லிப் புது இலை போட வைத்து, என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.